முப்பதில் ஏழாவது பிரதி

அந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் மூன்று அடையாளங்கள் உண்டு. இடது மூலையில் பென்சிலால் 7/30 என்ற எண். வலது மூலையில் ஓவியரின் கையெழுத்து, அதுவும் பென்சில்தான். இரண்டுக்கும் நடுவில், வெறும் காகிதமாக விட்டிருக்க வேண்டிய இடத்தில், ஊதா மையில் ஓர் இடது கட்டைவிரல் ரேகை. மேலே படம் என்று இருப்பது ஒரு யூரியா மூட்டை. வாய் தைத்த மூட்டை, தனியாக, நிமிர்ந்து, காலண்டர் சாமியைப் போல நடுவில் நிற்கும். மூட்டை ரோஜா நிறம், பின்னணி எலுமிச்சை மஞ்சள், எழுத்துகள் பச்சை, தையல் நூல் கறுப்பு. வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல், வெட்டி ஒட்டியது போல் இருக்கும். வயல் வரப்பில் கிடக்கும் ஒரு பொருளை இவ்வளவு அலட்சியமாகவும் இவ்வளவு மரியாதையாகவும் ஒருவர் வரைய முடியும் என்று நான் முதலில் கண்டது என் அக்கா வீட்டுக் கூடத்தில். அதை வாங்கி மாட்டியவர் அக்காவின் கணவர், என் அத்தான்.

பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டிப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பம் அவருடையது. சென்னையில் கல்லூரியில் படித்தவரை, தகப்பனார் காலமானதும், பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வரவழைத்துவிட்டார்கள். வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு ரெக்கார்டு பிளேயரும், கடைச் சாமான்களையே ஓவியமாக்கும் பாப் ஆர்ட் என்ற சொல்லும். சுற்றுவட்டாரத்து மிராசுதார் வீடுகளில் கல் பதித்த தஞ்சாவூர்க் கிருஷ்ணனும் தாத்தாக்களின் தைல வண்ணப் படமும் தொங்கிய காலத்தில், அத்தான் சென்னையில் ஓர் இளம் ஓவியரிடமிருந்து எட்டுப் படங்கள் கொண்ட தொகுதி ஒன்றை வாங்கி வந்தார். யூரியா மூட்டை, கோலி சோடா பாட்டில், சைக்கிள் சீட்டு, டிரான்சிஸ்டர், அலுமினியக் குடம் என்று எட்டும் எட்டுப் பொருள்கள். எல்லாம் ஸ்கிரீன் பிரிண்ட். எட்டிலும் ஒரே எண், 7/30. என் அப்பா முதன்முதலாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபோது, சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோடா பாட்டிலைக் காசு குடுத்து வாங்கறவன் குடிக்கறதுக்கு வாங்குவான். மாப்பிள்ளை மாட்டறதுக்கு வாங்கியிருக்காரு" என்றார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். தன் ரசனையைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

அவர் வெறும் பகட்டுக்காக வாங்கினார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்தத் தொழிலை அவர் தெரிந்து வைத்திருந்தார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி, வண்ணத்துக்கு ஒரு துணி, ரப்பர்க் கட்டையால் மையை வழித்து அழுத்தும் விதம், இரண்டாவது வண்ணம் முதல் வண்ணத்தின் மேல் மயிரிழை தப்பாமல் விழ வேண்டிய கட்டாயம், முப்பது பிரதி அடித்ததும் துணியில் இருக்கும் உருவத்தை அழித்துவிடும் ஒழுங்கு ஆகியவற்றையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். சட்டத்துக்கு உள்ளே மறைந்து போகிற வெள்ளை ஓரத்தை ஏன் வெட்டக் கூடாது, வெயில் விழாத சுவராகப் பார்த்து ஏன் மாட்ட வேண்டும், எட்டும் ஒரே எண்ணில் இருந்தால் ஏன் விலை வேறு என்பதும் அவரிடம் நான் தெரிந்துகொண்டவை. எண்ணையும் கையெழுத்தையும் பென்சிலில்தான் போட வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது. "அச்சு யாரு வேணாலும் அடிக்கலாம். பென்சில்லதான் அந்த ஆளோட கை இருக்கு. கை இருந்தாத்தான் மதிப்பு."

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். முப்பதுக்கு மேல் முப்பத்தொன்று அடித்தால் முப்பதும் செத்துவிடும் என்பார். "உச்சவரம்பு இருக்கறதாலதான் இதுக்கு இந்த மரியாதை" என்று சிரிப்பார். அதே சொல்லை அவர் வாயால் வேறு குரலிலும் கேட்டிருக்கிறேன். அது நில உச்சவரம்புச் சட்டம் இறுகிக்கொண்டிருந்த காலம். கூடத்தில் படத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று பேசுவார். பின்கட்டில் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து, நிலத்தை உச்சவரம்புக்கு வெளியே எப்படிக் கொண்டுபோவது என்று பேசுவார். இரண்டையும் ஒரே நாளில் கேட்டதுண்டு. இடையில் அவருக்குத் தொண்டைகூடக் கமறாது.

ஆட்சி மாறும்போதெல்லாம் அவருடைய வேட்டியின் கரையும் மாறியது. இரண்டு கழகங்களிலும் மாவட்ட அளவில் பழகிய முகம் ஆனார். மேடையில் சமத்துவம் பேசுவார், நன்றாகவே பேசுவார். நிலம் மட்டும் பேர்பேராகப் பிரிந்துகொண்டிருந்தது. அக்கா பேரில் கொஞ்சம், என் அப்பா பேரில் கொஞ்சம், சமையல்காரர் பேரில், கோயில் குருக்களின் மைத்துனர் பேரில். பினாமி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கமாட்டார்கள். "எழுதி வச்சிருக்கு" என்பார்கள். அவ்வளவுதான். கடைமடையில் ஆறு மா, ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலம், அத்தானின் வயல்களுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பண்ணையாள் பேரில் எழுதப்பட்டது. வீட்டில் அவரை வாய்க்கால்காரன் என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நிலத்தை அவர் பேருக்கு எழுதிய அன்றே, நாளைக்கு அதைத் திரும்ப எழுதிக்கொள்வதற்காக வெற்றுப் பத்திரத்தாள் ஒன்றிலும் அவருடைய கைநாட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அப்போது இல்லை.

திருவிடைமருதூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் கோர்ட்டு ஜப்தி நடந்தது அதற்கு அடுத்த கோடையில். ஊஞ்சலைக் கழற்றினார்கள், சுவர்க் கடிகாரத்தை இறக்கினார்கள், வெள்ளிக் கும்பாவை வாசலில் வைத்து எழுதினார்கள் என்று கதை வந்தது. அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மீதும் ஒரு கடன் வழக்கு இருந்தது. கார் என் அப்பா பேருக்குப் போயிற்று. பத்தாயம், பம்புசெட் எல்லாவற்றுக்கும் ஆள் பார்த்து முடித்தபின், கூடத்துச் சுவரைப் பார்த்தார். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றுதான்: சொத்து என்று இருந்தால் அதை இன்னொருத்தர் பேரில் எழுதி வைப்பது. படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றச் சொன்னார்.

நான் அப்போது திருச்சியில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்திருந்தேன். விடுமுறைக்கு வந்தவனின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எட்டுப் படங்களையும் நெல் அளக்கும் அறையில் துணி விரித்துக் கவிழ்த்துப் போட்டிருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும், "இந்தப் படம் இன்னாருக்குப் பாத்தியப்பட்டது" என்று கறுப்பு மையில் எழுதினேன். நிலத்துக்கு இருந்த அதே பெயர்கள்தான். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் அதற்குக் கீழே போட்டார்கள். யூரியா மூட்டை வாய்க்கால்காரர் பேருக்கு வந்தது. அதில் யோசனை எதுவும் இல்லை. வரிசையில் கடைசி ஆள் அவர், கடைசிப் படம் அது. அத்தான் குளிக்கப் போயிருந்தார். வாய்க்கால்காரர் சேற்றுக் காலோடு வாசற்படியில் நின்றார். கணக்குப்பிள்ளை, "இது உம் பேருல" என்று அவர் விரலைப் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றினார். பிறகு, நான் எழுதி முடித்திருந்த தாளைத் திருப்பிப் போட்டார். நான் எழுந்திருப்பதற்குள் விரல் படத்தின் முகத்தில் இறங்கிவிட்டது. எண்ணுக்கும் கையெழுத்துக்கும் நடுவே, கச்சிதமாக.

கணக்குப்பிள்ளைக்குத் தான் செய்ததில் குறை தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். "முகத்துல இல்லாத கைநாட்டு கோர்ட்டுல நிக்காதுங்க. அதான் அடியில கையெழுத்துக்கு இடமே விட்டிருக்கானே" என்றார். ஓவியர் விட்டிருந்த வெள்ளை ஓரம் அவர் கண்ணுக்குப் பத்திரத்தாளின் அடிப்பகுதியாகத் தெரிந்திருக்கிறது. நெஞ்சில் துண்டோடு வந்து நின்ற அத்தான் படத்தைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். வாய்க்கால்காரர் மட்டும் குனிந்து மூட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம மூட்டைதான்" என்று சொல்லிவிட்டு விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு போனார்.

அத்தான் அந்த ரேகையை அழிக்கப் பட்ட பாட்டை அக்கா பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். ரொட்டியின் உள்சதையை உருட்டி ஒற்றினார். ரப்பரைத் தேய்த்து, காகிதத்தில் பஞ்சு எழும்பியதும் பயந்து நிறுத்தினார். சென்னை நண்பருக்கு எழுதிக் கேட்டார்; தொடாதே, மையோடு காகிதமும் வந்துவிடும் என்று பதில் வந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளும் உண்டாம். ஓரத்தை வெட்டினால் எண்ணும் கையெழுத்தும் சேர்ந்தே போகும். கடைசியில் ஏழு படங்கள் கூடத்துக்குத் திரும்பின. எட்டாவது குளியலறைக்குப் போகும் நடையில், கண்ணாடி கூட இல்லாமல், ஆணியில் தொங்கியது. விருந்தாளிகள் கேட்டால், "அது கெட்டுப் போச்சு" என்பார். பால் கெட்டுப்போனதைச் சொல்வதுபோலச் சொல்வார்.

கூலித் தகராறு அந்தப் பகுதிக்கு வந்தபோது செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் தாலுகா அலுவலகத்தில் அடங்கல் என்ற நிலக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கடைமடை ஆறு மா தன் பேரில் இருப்பது அப்போதுதான் வாய்க்கால்காரருக்குத் தெரிந்தது. குறுவை அறுவடைக்கு முந்தைய வாரம், கொடியை நட்டு அந்த வயலில் இறங்கி நின்றார். போலீஸ் வந்தது. எங்கள் நாளிதழில் அது நாலு வரிச் செய்தியாக வந்தது: பிரபல மிராசுதாரின் நிலத்தில் அத்துமீறி நுழைந்த விவசாயத் தொழிலாளி ஒருவர் கைது. மிராசுதாருக்குப் பிரபலம், தொழிலாளிக்கு "ஒருவர்". செய்தி மேசையில் அதுதான் நடைமுறை. வழக்கு நீண்ட நாள் நடக்கவில்லை. வெற்றுத்தாளில் வாங்கி வைத்த கைநாட்டுக்கு மேலே, உரிமையை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதி, அத்தான் அதைக் கோர்ட்டில் போட்டார். ரேகை வாய்க்கால்காரருடையதுதான். அவரே ஒப்புக்கொண்டார். பொய் சொல்லச் சொன்ன வக்கீலிடம், "என் விரல் எனக்குத் தெரியாதா" என்றாராம்.

தீர்ப்புக்குப் பிறகு ஒருநாள் அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் இருந்தேன். வழக்கமாகக் கொல்லைப்புறம் வருகிறவர், அன்று முன்வாசலில் வந்து நின்றார். அத்தான் நாற்காலியில் இருந்து எழவில்லை.

"நெலத்துக்கு விடுதலை எழுதி வாங்கிட்டீங்க. சரி. படத்துக்கு இன்னும் எழுதி வாங்கலீங்களே ஐயா" என்றார். கேலி இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"எந்தப் படம்?"

"மூட்டைப் படம். எம் பேருல இருக்கே."

"அது உனக்கு எதுக்குடா? கூரையில ஒழுகற எடத்துல சொருகவா?"

வாய்க்கால்காரர், "எம் பேருல இருக்கறது இப்ப அது ஒண்ணுதாங்க" என்றார்.

அக்காதான் நடைக்குப் போய் அந்தப் படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். குளியலறை ஓரத்தில் தொங்குவதைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். கெட்டுப்போனதாகத் தானே சொன்ன பொருளை அத்தான் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஒண்ணு போனா எட்டும் போச்சு. தொகுதின்னா என்னன்னு உங்க யாருக்கும் தெரியாது" என்றார். அது உண்மை. ஏழு படங்களுக்கு இருக்கும் மதிப்பு வேறு, கறைபட்ட ஒன்றோடு சேர்ந்த எட்டுக்கு இருக்கும் மதிப்பு வேறு. சேகரிப்பவரின் கணக்கு அது, அந்தக் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அன்று நான் பார்த்தது சேகரிப்பவரின் முகத்தை அல்ல. நிலத்தை விட மறுத்தவரின் அதே முகம், அதே பிடி. கையில் இருந்தது மட்டும் காகிதம். வாய்க்கால்காரர் வந்த வழியே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வயலுக்கு அவர் தண்ணீர் கட்டவில்லை. சில வருஷங்களில் இறந்துபோனார் என்று அக்கா சொல்லித் தெரிந்தது.

இதற்கிடையில் அந்த ஓவியர் பெரிய ஆளாகிவிட்டார். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் அவருடைய ஆரம்பகாலப் படங்களைத் தேடின. எட்டும் ஒரே எண்ணில் இருக்கிற தொகுதி அநேகமாக எங்கும் மிஞ்சவில்லை என்றார்கள். அத்தானுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. எழுதி வைத்த நிலங்களில் பாதியை, பேர் கொடுத்தவர்களின் பிள்ளைகளே உரிமை கொண்டாடி எடுத்துக்கொண்டார்கள். என் அப்பா பேரில் இருந்ததை என் தம்பி விற்றான். மீதியை அத்தானின் மகன் அமெரிக்காவிலிருந்தபடியே விற்று முடித்தான். படங்களை விற்கலாம் என்று அத்தான் முடிவெடுத்து, சென்னையிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை வரவழைத்தார். என்னையும் கூப்பிட்டார்.

மதிப்பீட்டாளர் நாற்பது வயதுப் பெண்மணி. பருத்தி உறை மாட்டிய கைகளால் ஒவ்வொரு படத்தையும் திருப்பி, பூதக்கண்ணாடியால் ஓரங்களைப் பார்த்து, செல்போனில் பேசிப் பதிவு செய்துகொண்டார். மஞ்சள் கொஞ்சம் மங்கியிருக்கிறது என்றார். சோடா பாட்டிலில் பூச்சி அரித்த புள்ளி இருக்கிறது என்றார். முதுகில் நான் எழுதிய பெயர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அத்தான் பரீட்சை முடிவுக்கு நிற்பவர் போல இருந்தார். எட்டாவது படத்தை அவரே தயங்கித் தயங்கித்தான் எடுத்து வைத்தார், மன்னிப்புக் கேட்கும் குரலில். அந்தப் பெண்மணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதைத் துடைக்க யார்கிட்டயும் குடுத்துடாதீங்க சார். மத்த ஏழும் வேற யார்கிட்டயாவது இருக்கலாம். இது உலகத்துல ஒண்ணுதான்" என்றார். இது யாருடைய விரல் என்று கேட்டார்.

ரொட்டியாலும் ரப்பராலும் அந்த விரலோடு மல்லுக்கட்டியவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நிலப் போராட்டம் நடந்த நாட்களில், ஓவியனின் கைக்குச் சமமாக உழைப்பாளியின் கையும் இருக்க வேண்டும் என்று தானே கேட்டு வாங்கிய கைநாட்டு அது என்றார். மேடையில் பேசுகிற அதே ஓட்டம். சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அக்கா எழுந்து உள்ளே போனாள். மதிப்பீட்டாளர் அந்த வாக்கியத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டார்.

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள், படங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால்காரரின் மகள் வந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. வேலை முடிந்த கையோடு, புடவை முந்தானையில் மஞ்சள் கறையோடு வந்திருந்தார். அத்தானைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, படத்தைக் காட்டச் சொன்னார். மூட்டையை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு ஒரு போட்டோகூட இல்லீங்க. படம் உங்களுக்கே இருக்கட்டும். அந்த விரல மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க. இத்துனூண்டு காயிதம்" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அளவு காட்டினார்.

அத்தான் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். மதிப்பீட்டாளர் மிகவும் நயமாகத்தான் சொன்னார், வெட்டினால் அப்புறம் அதில் ஒன்றும் இல்லை என்று. முன்னொரு காலத்தில் கத்தரிக்கோலோடு அந்த இடத்துக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருந்தவர், "வெட்டற பேச்சே வேண்டாம்" என்றார். பதிலாக, செல்போனில் படம் எடுத்து, பாபநாசத்தில் பிரிண்ட் போட்டுத் தரச் செய்கிறேன் என்றார். செய்தார். வாக்குத் தவறவில்லை. அஞ்சல் அட்டை அளவுக்கு வந்த அந்த பிரிண்ட்டில் யூரியா மூட்டை பளிச்சென்று இருந்தது. விரல் இருந்த இடத்தில் ஊதாவாக ஒரு பொட்டு. அந்தப் பெண் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல மூட்டைதாங்க இருக்கு" என்று சொல்லி, அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போதும் அக்காவின் பீரோவில் கிடக்கிறது.

அத்தான் காலமான பிறகு, சென்ற ஆண்டு, சென்னையில் ஒரு கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஏழு படங்கள் ஒரு சுவரில் வரிசையாக இருந்தன. எட்டாவதுக்குத் தனிச் சுவர், தனி விளக்கு. கூட்டம் அங்கேதான். ரோஜா மூட்டை, எலுமிச்சை மஞ்சள், பச்சை எழுத்து. 7/30. பென்சில் கையெழுத்து. நடுவில் ஊதா விரல், ரப்பர் தேய்த்த பஞ்சோடு. பக்கத்து அட்டையில் அச்சடித்திருந்தது: யூரியா மூட்டை, நான்கு வண்ணத் திரை அச்சு. ஓரத்தில், பெயர் தெரியாத விவசாயத் தொழிலாளி ஒருவரின் கைநாட்டு.

மேசையில் இருந்த இளைஞரிடம், படத்தின் முதுகைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, "பின்னாடி சீல் பண்ணியிருக்கு சார். அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது" என்றார்.

அந்தப் பக்கம் கறுப்பு மையில், என் கையெழுத்தில், சுவரைப் பார்த்தபடி இருப்பது இதுதான்: இந்தப் படம் மேற்படி கிராமம், சாமிக்கண்ணு மகன் பக்கிரிக்குப் பாத்தியப்பட்டது.